லைஃப் ஜாக்கெட் விளக்கு: அந்த 8 மணி நேரக் கணக்கு

2016 ஜூலை 22, தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் காலை எட்டரைக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32, ஒன்பதேகால் வாக்கில் ரேடாரிலிருந்து மறைந்தது. உள்ளே 29 பேர். பள்ளிக்கரணையில் இருக்கும் என்ஐஓடியின் ஆளில்லா நீர்மூழ்கி அதன் பாகங்களை 3,400 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்த செய்தி 2024 ஜனவரியில்தான் வந்தது. அங்கே ஒரு விளக்கு யாரையாவது காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு உறுத்துவது அந்த ஒன்பதேகால்.

கப்பல்களுக்கான எல்எஸ்ஏ விதிப்படி, லைஃப் ஜாக்கெட் விளக்கு 0.75 கேண்டலா வெளிச்சத்தை 8 மணி நேரம் தந்தால் போதும். தண்ணீர் பட்டதும் தானாக எரியும் என்பதைப் பெரிதாகச் சொல்லி விற்கிறார்கள். மயங்கிக் கிடப்பவருக்கு அது வரம்தான், மறுக்கவில்லை. ஆனால் காலை ஒன்பதேகாலுக்கு ஒருவர் கடலில் விழுந்தால்? விதி கேட்டதை மட்டும் செய்யும் விளக்கு, வெயிலில் யார் கண்ணிலும் படாமல் எரிந்து, மாலை ஐந்தேகாலுக்கு ஓய்ந்துவிடலாம். ஜூலையில் நம்மூரில் சூரியன் மறையவே ஆறரை தாண்டும். சரி, சாயங்காலம் விழுந்தார் என்றே வைத்துக்கொள்வோம். நம் இரவு பதினொன்று, பன்னிரண்டு மணி நேரமாச்சே!

கடல்நீர் பட்டதும் வேதிவினை தொடங்கும் பழைய மெக்னீசியம் பேட்டரியைப் பாதியில் நிறுத்த முடியாது, அது புரிகிறது. எல்இடி வந்த பிறகும் என்ன தடை? மாடித்தோட்டத்துச் சோலார் விளக்கே பொழுது சாய்ந்ததைப் பார்த்துத்தான் எரிகிறது.

இதுவும் பெரிய கப்பல்காரர்களுக்கான சண்டை. மீன்பிடிப் படகுகளுக்கு சோலாஸ் உடன்படிக்கை விலக்கு தந்திருப்பதால், கோவளத்து ஃபைபர் படகிடம் அந்த 8 மணி நேர விளக்கைக்கூட அது கேட்பதில்லை.