கேப்ட்சா அவிழ்க்கும் சேவை: ஒரு பரீட்சை

வருபவர் மனிதரா யந்திரமா என்று இணையத்தளங்கள் விசாரிக்கும் கேப்ட்சா என்னும் முறையை, கார்னகி மெலன் சர்வகலாசாலையைச் சேர்ந்த லூயிஸ் வான் ஆன், மானுவெல் புளும் முதலியோர் 2003-ஆம் ஆண்டு ஆராய்ச்சிக் கட்டுரையாக விவரித்தபோதே, யந்திரத்துக்குக் கடினமான காரியம் எதுவோ அதுவே காவலுக்கு ஆதாரம் என்று ஸ்தாபித்தார்கள். அந்த ஆதாரம் இன்று எவ்வளவு தூரம் நிலைத்திருக்கிறது என்பதை அறியும்பொருட்டு, மென்பொருள் எழுதுவோருக்கென்று கட்டணத்துக்குக் கேப்ட்சாக்களை அவிழ்த்துத் தரும் சேவையொன்றை, பிறர் தளம் எதையும் தொடாமல், என் சொந்தச் சோதனைப் பக்கத்தில் மட்டும் உபயோகித்துப் பார்த்தேன்.

இணைப்பதில் சிரமம் இல்லை. பக்கத்தின் முகவரியையும், அதன் கேப்ட்சாவுக்குரிய சைட் கீ என்னும் அடையாளக் குறியையும் ஏபிஐ வழியே அனுப்பினால் வேலைக்கு ஓர் எண் கிடைக்கிறது. அந்த எண்ணைச் சொல்லி அவ்வப்போது விசாரித்துக்கொண்டிருந்தால், முடிவில் நீண்டதொரு டோக்கன் வந்துசேர, அதைப் படிவத்தின் மறைவான புலத்தில் இட்டு அனுப்பவேண்டியதுதான். கோணல் எழுத்துப் படங்களுக்கு விடை விரைவாக வந்தது. கூகுளின் ரீகேப்ட்சா இரண்டாம் பதிப்புக்கோ காத்திருக்க நேர்ந்தது. அந்த டோக்கன் 2 நிமிஷம் மட்டுமே செல்லும், அதுவும் ஒரே முறைதான் செல்லும் என்பதால், வந்த கணமே அதைப் பிரயோகிக்கும்படி நிரலை அமைத்துக்கொள்வது அவசியம். புதிரே காட்டாமல் 0.0 முதல் 1.0 வரை மதிப்பெண் இடும் மூன்றாம் பதிப்பில் சேவை தடுமாறியது. ஒரே பக்கத்துக்கு ஒருசமயம் நல்ல மதிப்பெண்ணும் மறுசமயம் மிகத் தாழ்ந்ததும் கிடைத்தால், அதை நம்பி எதையும் கட்ட இயலாது.

என் மனத்தை அதிகம் உறுத்தியது வேறொன்று. தானியங்கி என்று விளம்பரம் பெறும் இத்தகைய சேவைகள் பலவற்றின் பின்னால், திரைமுன் அமர்ந்து படங்களைப் பொறுக்கும் தொழிலாளிகள் இருக்கிறார்கள். வாடிக்கையாளரிடமே ஆயிரம் புதிர்களுக்குச் சில டாலர்கள்தாம் வசூலாகின்றன என்றால், அத்தொழிலாளிகள் கைக்குச் சேர்வது எவ்வளவு சொற்பம் என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

தம் தளத்தைத் தானியங்கியாகச் சோதிக்க விரும்புவோருக்கு இச்செலவு வேண்டியதே இல்லை. எப்போதும் தேறிவிடும் டெஸ்ட் கீயைக் கூகுளே இலவசமாகத் தருகிறது; கிளவுட்ஃபிளேரின் இதே வகைக் காவலான டர்ன்ஸ்டைலோ, எப்போதும் அனுமதிப்பது, எப்போதும் மறுப்பது என்று இருவகையும் தருவதால், தோல்வியுறும் பாதையையும் பரீட்சித்துவிடலாம். பிறர் தளத்தின் தகவல் வேண்டுவோர் அவர்களிடம் அனுமதி கேட்பதே முறை.

ஆகவே இச்சேவையை நான் சிபாரிசு செய்யேன். ஆனால் தள உரிமையாளர் தம் காவல் எவ்வளவு மலிவாக விலைபோகிறது என்பதைக் கண்ணால் காண்பதற்கு இது பிரயோஜனப்படும். அப்படிக் கண்டவர், புதிரை மேலும் கடினமாக்கக் கூடாது. அதனால் முதலில் வருந்துபவர் பார்வையற்ற வாசகரே. ஒரே இடத்திலிருந்து குவியும் விண்ணப்பங்களுக்கு எல்லை வகுப்பதும், புதுக் கணக்குகளை மின்னஞ்சலால் உறுதிசெய்வதும் நல்ல பரிகாரங்கள். என் பக்கத்தில் அவ்விரண்டையும் சேர்த்துவிட்டேன்.