பெட்டிக்குள் யாருடைய வெளிச்சம்? மாதிரி ரயிலும் டிகோடரும்

மாதிரி ரயில் பெட்டிகளுக்கு விளக்கு போடுவது எப்படி என்று சொல்லித்தரும் கட்டுரைகளும் காணொளிகளும் இன்றைக்கு ஏராளம். வயரை எங்கே பற்றவைக்கணும், எந்த மின்தடை போடணும், டிகோடரை எங்கே ஒளிக்கணும் என்று படிப்படியாகச் சொல்கின்றன. அந்த அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவை கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது: பெட்டிக்குள் எரியப்போவது யாருடைய வெளிச்சம்?

இந்தக் குறிப்பு அந்தக் கேள்வியைப் பற்றியது. சொல்ல வருவது இதுதான். வழிகாட்டிகள் ஐரோப்பிய, அமெரிக்க ரயில்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே நம் ஐ.சி.எஃப். பெட்டிக்குள் பொருத்தினால், வெளியே இந்திய ரயில்வே நிறம், உள்ளே ஜெர்மன் உணவகப் பெட்டி என்று ஆகிவிடுகிறது.

டிகோடர் என்ன செய்கிறது

புதிதாக வருபவர்களுக்குச் சுருக்கமாக. பழைய முறையில் தண்டவாளத்தில் நேர் மின்னோட்டம் போகும். வோல்ட்டைக் கூட்டினால் ரயில் வேகமாக ஓடும், குறைத்தால் நிற்கும். பெட்டி விளக்கும் அதே மின்சாரத்தில் எரிவதால், ரயில் நின்றால் விளக்கும் அணையும்.

டி.சி.சி. முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும், எச்.ஓ. அளவில் பொதுவாக 14 முதல் 16 வோல்ட். அதன் திசை மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றத்தின் நேர அளவுதான் செய்தி: ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோவினாடி என்றால் அது '1', 100 அல்லது அதற்கு மேல் என்றால் '0'. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கியதை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990-களில் இதைப் பொதுத் தரமாக்கியது. எந்தக் கம்பெனி டிகோடரும் எந்தக் கம்பெனி கட்டுப்பாட்டுப் பெட்டியோடும் பேசும். இது பெரிய காரியம், மறுப்பதற்கில்லை.

பெட்டிக்குப் போடுவது 'ஃபங்ஷன் டிகோடர்'. மோட்டார் வயர் கிடையாது, விளக்குக்கு மட்டும். சிவப்பும் கறுப்பும் சக்கரம் வழியாகத் தண்டவாளத்துக்கு. நீலம் பொது நேர்முனை. வெள்ளை, மஞ்சள், பச்சை, ஊதா நான்கும் தனித்தனி விளக்குத் தொகுதிகளுக்கான எதிர்முனைகள். எல்.இ.டி.யின் நேர்முனை நீலத்தில், எதிர்முனை மின்தடை வழியாக வண்ண வயரில். அவ்வளவுதான் வயரிங்.

ஆக, கையில் நான்கு தனி வெளியீடுகள் இருக்கின்றன. வழிகாட்டிகள் அவற்றில் ஒன்றில் கூரை விளக்குப் பட்டையைக் கட்டி, மற்றதை மேசை விளக்குக்கும் சமையலறை விளக்குக்கும் ஒதுக்கச் சொல்கின்றன. நம்ம பெட்டியில மேசை விளக்கு எங்கே இருக்கு?

நிஜப் பெட்டியின் வயரிங்

பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955-இல் தொடங்கியது. அந்த வடிவமைப்பின் கடைசிப் பெட்டி 2018 ஜனவரியில் வெளிவந்தது. அறுபது ஆண்டுக்கு மேல் தமிழ்நாட்டில் 'ரயில் பெட்டி' என்றாலே அதுதான். அதன் மின்சாரம் எப்படி ஓடியது?

குளிர்சாதனம் இல்லாத பெட்டி தனக்கான மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும். அடியில் தொங்கும் 4.5 கிலோவாட் ஆல்டர்னேட்டரைச் சக்கர அச்சிலிருந்து பெல்ட் இழுத்துச் சுற்றும். அது 110 வோல்ட் நேர் மின்சாரமாக மாறி விளக்கு, விசிறிக்குப் போகும், மிச்சம் பேட்டரிக்கு. ரயில் ஏறக்குறைய 20 கி.மீ. வேகத்தைத் தாண்டினால்தான் உற்பத்தி தொடங்கும். அதற்குக் கீழேயும், நின்ற நிலையிலும் எல்லாம் பேட்டரி தலையில். இன்னும் பழைய பெட்டிகளில் 24 வோல்ட், டைனமோ, குண்டு பல்பு.

விளக்குகளும் ஒரே சுற்றில் இல்லை. எல்1 என்பது அவசியமானவை: வாசல், நடைவழி, கழிவறை. எல்2 என்பது மற்றவை. விசிறிக்குத் தனிச் சுற்று. படுக்கை வசதிப் பெட்டியில் இரவில் மட்டும் எரியும் நீல விளக்கு. கடைசிப் பெட்டியின் பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கு.

இப்போது டிகோடரின் நான்கு வயரையும் பாருங்க. வெள்ளை எல்1, மஞ்சள் எல்2, பச்சை நீல இரவு விளக்கு, ஊதா வால் விளக்கு. நம் பெட்டிக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது. இரவு பத்து மணிக்கு எல்2-ஐ அணைத்து நீலத்தைப் போட்டால் போதும். அது இந்தியப் படுக்கைப் பெட்டிதான், வெளியே எழுத்தே தேவையில்லை.

அணையாத விளக்கு ஒரு பெருமையா?

டி.சி.சி.யை விற்கும்போது முதலில் சொல்லப்படும் பெருமை: ரயில் நின்றாலும் விளக்கு ஒரே பிரகாசத்தில் எரியும். மினுக்கமும் மங்கலும் பொம்மைத்தனம், சீரான வெளிச்சமே நிஜம் என்பது இதன் உட்பொருள்.

வளவனூர் நடைமேடையில் நின்று இதைச் சொல்லிப் பார்க்கலாம். விழுப்புரம்–புதுச்சேரி கிளைப்பாதை 1879-இல் திறக்கப்பட்ட மீட்டர்கேஜ் பாதை. நீளம் 38 கி.மீ.; 2004-இல் அகலப்பாதையானது. விழுப்புரத்தை விட்டால் வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர், புதுச்சேரி. இவ்வளவு குட்டிப் பாதையில் பாசஞ்சர் வண்டி வேகம் எடுப்பதற்குள் அடுத்த நிறுத்தம் வந்துவிடும். டைனமோ சுற்றிய நேரம் குறைவு, பேட்டரி தந்த நேரம் அதிகம். பேட்டரி பழசானால் நிறுத்தத்தில் பல்பு செம்மஞ்சளாகச் சுருங்கும். வண்டி கிளம்பி வேகம் பிடித்தால் மெல்ல வெளுக்கும். கிளைப்பாதை பாசஞ்சரில் போன எவருக்கும் இது தெரியும்.

அதாவது, பழைய நேர் மின்னோட்ட மாதிரி ரயில் 'தப்பாக'ச் செய்த ஒன்றுதான் நம் ஊரில் நடந்ததற்குக் கொஞ்சம் கிட்டே இருந்தது. முழுக்க இல்லை, நிஜத்தில் விளக்கு சட்டென்று அணையாது, தயங்கித் தயங்கி மங்கும். அந்தத் தயக்கத்தை டிகோடரில் கொண்டுவர முடியும். தண்டவாளத்தில் போகும் கட்டளைகள் எல்லா டிகோடருக்கும் கேட்கும். தன் முகவரி இல்லாததை ஒவ்வொன்றும் தள்ளிவிடுகிறது. ஆர்டுயினோ நேனோ, ஒரு 6என்137 ஆப்டோகப்ளர், இலவசமாகக் கிடைக்கும் என்.எம்.ஆர்.ஏ.டி.சி.சி. நிரல் நூலகம், இவை இருந்தால் டிகோடரை நாமே செய்யலாம். இஞ்சினுக்குப் போகும் வேகக் கட்டளையை அது ஒட்டுக்கேட்கட்டும்: வேகம் பூஜ்யமாகி அரை நிமிடம் ஆனால் பிரகாசத்தைப் படிப்படியாகக் குறை, வேகம் வந்தால் ஏற்று. சில வரி நிரல். பாகங்கள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும்.

'வார்ம் ஒயிட்' என்கிற கட்டளை

அடுத்தது நிறம். 'பெட்டிக்குள் கூல் ஒயிட் போடாதீர்கள், ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். வார்ம் ஒயிட்தான் இயற்கை' என்பது ஏறக்குறைய எல்லா வழிகாட்டியும் சொல்லும் விதி. மரப் பலகை உட்புறமும் துணித் திரையும் கொண்ட பெட்டிக்கு அது சரி.

நம் பெட்டிகளில் குண்டு பல்புக்குப் பின் வந்தது இரண்டடி ட்யூப் லைட். நம்ம வீட்டுக்கூடத்தில் எரிந்த அதே வெளிறிய, லேசாக நீலம் பாய்ந்த வெள்ளை. கீழே பச்சை அல்லது நீல ரெக்சின் இருக்கை. ஆஸ்பத்திரி மாதிரி இருந்ததா? இருந்தது. அதுதான் நிஜம். ட்யூப் லைட் காலத்துப் பெட்டிக்கு 6000 கெல்வினை ஒட்டிய எல்.இ.டி.யும், மீட்டர்கேஜ் குண்டு பல்புக்கு 2700 அல்லது அதற்கும் கீழும் சரி. எந்தக் காலத்துப் பெட்டி என்பதே விதி. அழகு என்பதை விதியாக வைத்தால் எல்லாக் காலமும் ஒரே மஞ்சளில் கரைந்துபோகும்.

இன்னொன்று, பிரகாசம். நம் சாதாரணப் பெட்டி ஜன்னலில் கண்ணாடி ஏற்றிவிட்டால் கம்பியும் திறந்த வெளியும்தான். வெளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு எல்.இ.டி. பட்டை நேராகவே தெரியும். எனவே பால்நிறத் தாள் ஒன்றைக் கூரைக்கடியில் கொடுப்பதும், எல்.இ.டி.க்கு 2 மில்லியாம்பியருக்கு மேல் விடாததும் நல்லது. மூன்று எல்.இ.டி. வரிசையாக இருந்தால் 9 வோல்ட், டிகோடரின் ரெக்டிஃபையரில் 1.4 வோல்ட் போகும். 14 வோல்ட் தண்டவாளத்தில் மிச்சம் 3.6. ஆகவே 1.8 கிலோஓம். கடைப் பட்டைகளில் வரும் மின்தடை இதைவிட மிகக் குறைவு. அப்படியே விட்டால் கல்யாண மண்டபம்.

ஒரே பொத்தான், ஒரே மாதிரி

எல்லாப் பெட்டிக்கும் ஒரே முகவரி கொடுத்தால் ஒரே பொத்தானில் மொத்த ரேக்கும் எரியும் என்கிறார்கள். வசதிதான். ஆனால் தானே மின்சாரம் செய்யும் பெட்டிகளின் வரிசை அப்படி இருக்காது. ஒன்று பளிச்சென்று, அடுத்தது மங்கல், நடுவில் ஒன்று முழு இருட்டு. ஒரு பெட்டியில் பெல்ட் அறுந்தால் பக்கத்துப் பெட்டியிலிருந்து மின்சாரம் கொடுக்கவென்றே பெட்டி முனைகளில் அவசர இணைப்பு முனைகள் வைத்திருந்தார்கள். அந்தக் கேபிள் வரும்வரை அந்தப் பெட்டிக்காரர்கள் இருட்டில்தான்.

இதற்கும் தரத்திலேயே வழி உண்டு. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி முகவரி, அதோடு சி.வி. 19-இல் ரேக்குக்கான பொது முகவரி. எந்தெந்த விளக்கு பொது முகவரிக்குக் கட்டுப்படணும் என்பது சி.வி. 21, 22-இல். ஒரு பெட்டியை மட்டும் இருட்டாக்க அதன் சி.வி. 19-ஐ 0 ஆக்கினால் அது கூட்டத்திலிருந்து பிரியும். அதன் சொந்த முகவரியில் அணைத்துக்கொள்ளலாம்.

எல்.எச்.பி. ரேக் வேறு கதை. அங்கே முனையில் உள்ள பவர் காரிலிருந்தோ இஞ்சினிலிருந்தோ எல்லாப் பெட்டிக்கும் 750 வோல்ட் போகிறது. எல்லாம் ஒன்றாக எரியும், ஒன்றாக அணையும். அங்கே பவர் காரில் ஒரே டிகோடர் வைத்து, பெட்டிகளுக்கிடையே மெல்லிய வயர் இழுத்தாலே நிஜத்துக்கு நேர்மை. செலவும் குறைவு. ஆக, 'பெட்டிக்கொன்றா, ரேக்குக்கொன்றா' என்று வழிகாட்டிகள் பணத்தை வைத்துப் பேசும் கேள்விக்கு, நம் ரயில்கள் வேறொரு பதில் வைத்திருக்கின்றன.

பெட்டிக்கொன்று வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அழுக்குச் சக்கரத்தில் விளக்கு மினுக்காமலிருக்க 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் மின்தேக்கி போடுவோம். பெட்டி மொத்தமும் 20 மில்லியாம்பியர் எடுத்தால் அது வினாடியில் ஏழில் ஒரு பங்கு நேரம் தாங்கும், அது போதும். ஆனால் 20 பெட்டி ஒன்றாக உயிர்பெறும்போது அத்தனை மின்தேக்கியும் ஒரே நொடியில் நிரம்பப் பார்க்கும். கட்டுப்பாட்டுப் பெட்டி அதை ஷார்ட் என்று நினைத்து மூடிக்கொள்ளும். மின்தேக்கிக்கு முன்னால் 100 ஓம், அதற்கு இணையாக நீல வயரை நோக்கி ஒரு டையோடு. நிரம்பும்போது மெதுவாக, தரும்போது தடையில்லாமல். மின்தேக்கியின் மறுமுனை டிகோடரின் எதிர்முனையில். வண்ண வயரில் அல்ல.

யார் மீது குறை?

வழிகாட்டிகளை எழுதியவர்கள் தங்கள் ஊர் ரயிலைச் சரியாகப் பார்த்து எழுதினார்கள். குறை நம் பக்கம். நம் அகலப்பாதை 1676 மி.மீ.; எச்.ஓ. அளவில் 19.3 மி.மீ. வரணும், ஆனால் 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்டுகிறோம். அந்த ஏறக்குறைய 3 மி.மீ. சமரசத்தைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுவோம். நிறத்தின் சாயலுக்குச் சண்டை போடுவோம். உள்ளே எரிந்த விளக்கு எத்தனை, எந்த இடத்தில், எந்த நிறம் என்று கேட்டால் பதில் இருக்காது.

அகலமும் நிறமும் வரைபடத்தில் இருக்கின்றன. எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பேட்டரி தளர்ந்த ஒரு பெட்டி வளவனூரில் எப்படி மங்கியது என்பது எந்த வரைபடத்திலும் இல்லை. மீட்டர்கேஜ் இந்தப் பாதையை விட்டுப் போய் இருபது வருஷம் தாண்டிவிட்டது. ஐ.சி.எஃப். பெட்டிகளும் ஒவ்வொன்றாகக் கழிக்கப்படுகின்றன. அடுத்த முறை ஒரு பழைய பெட்டியில் ஏறினால் மேலே நிமிர்ந்து விளக்குகளை எண்ணுங்க: வாசலில் எத்தனை, ஒவ்வொரு தடுப்புக்கும் எத்தனை, இரவில் எது மிஞ்சுகிறது. குறித்துவைத்தால் போதும். அந்தப் பட்டியலை டிகோடருக்குச் சொல்லிக்கொடுப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.