அல்லியின் கோலமும் ஆண்சட்டையும்

கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டப்புறங்களிலிருந்து வரும் மாணவியருள், முடியைக் குறைத்து ஆண்சட்டை அணிபவரை ‘டோம்பாய்’ என்றழைக்கும் வழக்கை நாம் அறிவோம். நடையுடையைக் குறிக்கும் அச்சொல்லோடு, ‘இவள் பெண்ணையே விரும்புபவள்’ என்ற முடிவும் விசாரணையின்றி ஒட்டிக்கொள்கின்றது. 2008ஆம் ஆண்டில் தேசிய பத்வா மன்றம் முஸ்லிம் பெண்களைக் குறித்து வெளியிட்ட ‘பெங்கிட்’ தீர்ப்பும் தோற்றம், நடத்தை, பாலுணர்வு ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கியது. ஆயினும் இப்பிணைப்பைப் பிறர் தந்தது எனத் தள்ளிவிட நம்மால் இயலாது.

புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் அல்லி அரசாணி மாலையை நோக்குவோம். மதுரையை ஆண்ட அல்லி, ஆடவரை அண்டவிடாது பெண்களையே துணையாகக் கொண்டவள். அருச்சுனன் கண்ணனின் உதவியோடு பாம்புருக் கொண்டு பள்ளியறை புகுந்து, அவள் உறங்குகையில் தாலி கட்டிவிடுகின்றான். கதை இதனைச் சாமர்த்தியமாகவே கொண்டாடுகின்றது. திருவிளையாடற் புராணத்துத் தடாதகைப் பிராட்டியார் வரலாறு இத்துணைக் கொடிதன்று. எனினும் திக்குவிசயம் செய்த அவ்வரசியின் மூன்றாம் மார்பகம் சிவபெருமானைக் கண்டவுடன் மறைய, நாணம் வந்துவிடுகின்றது. ஆண்கோலம் என்பது கணவன் வரும்வரை நீடிக்கும் குறை என்பதே ஈரிடத்தும் உள்ள கருத்தாகும்.

இதற்கு மறுப்பாக, அல்லியைப் பெண்விழைவின் முன்னோடி எனக் கொள்ளத் தோன்றலாம். (எமக்கும் முதலில் அவ்வாறே தோன்றிற்று.) அதுவும் பழைய சமன்பாடேயாம். அவள் ஆடவரை மறுத்தாள் என்றே பனுவல் கூறுகின்றது. எவரை விரும்பினாள் எனக் கூறவில்லை. மறுபுறம், தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ (1996) திரைப்படத்தில் காதல் கொள்ளும் இருவரும் சேலை உடுத்திய ஓரகத்திகள். கோலத்தைக் கொண்டு விருப்பத்தை அளப்போர் கண்ணில் அவர்கள் படவே மாட்டார்கள்.

தோட்டத்து வாழ்க்கையோ வேறு சான்று தருகின்றது. விடியுமுன் பெரட்டுக்கு நின்ற பால்வெட்டுப் பெண்கள், கைலிக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை அணிந்து தலையில் துணி கட்டியிருந்தனர். கொசுவும் பால்கறையும் அதற்குக் காரணம். காண்டாவில் வாளி சுமந்த அத்தோள்களைக் கண்டு அவர்தம் காதலை எவரும் ஆராய்ந்ததாக நாம் கேட்டதில்லை. இரப்பர் செம்பனைக்கும், செம்பனை பலவிடங்களில் வீடமைப்புக்கும் வழிவிட்டபின், அதே சட்டை பேத்தியின் மேல் காரணமற்றதாகத் தெரிகின்றது. எனவே வேறு காரணம் தேடுகின்றோம். அவள் உண்மையிலேயே பெண்ணை விரும்புபவளாயினும் அதனைச் சட்டை சொல்லாது. சொல்வதும் சொல்லாமையும் அவளது உரிமை.

அல்லி கதையைக் கற்பிக்குங்கால் தாலி கட்டுமிடத்தில் வகுப்பில் சிரிப்பெழக்கூடும். உறங்கியவளின் இசைவு யாதாயிற்று என்று ஒரு மாணவி அவ்விடத்தில் வினவினால், அவ்வினா பாடத்திற்குப் புறம்பானதன்று.