வினை என்னும் சொல்: இலக்கணத்தினும் வேதியியலினும்

வழக்கிலுள்ள ஒரு சொல்லை அறிவியல் தனக்கென எடுத்துக்கொள்ளுங்கால் அச்சொல்லின் பழம்பொருள்கள் வாயிலிலேயே நின்றுவிடுவதில்லை, உடன் நுழைந்துவிடுகின்றன. இதற்கு வினை என்னும் சொல்லினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அகப்பாடல்களில் தலைவனைத் தலைவியினின்று பிரிப்பது வினை. திருக்குறளில் வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என மூன்று அதிகாரங்கள் இதனையே தலைப்பாகக் கொண்டன. ஆண்டு அது செயல். சமய நூல்களில் அது பிறவிதோறும் தொடரும் இருவினை. செய்வினை என்பதோ இலக்கண வகுப்பிற் செயப்பாட்டுவினையின் இணை. தெருவிற் பிறர்க்குக் கேடு சூழும் மந்திரம். மாணாக்கர் இவ்விரண்டனையும் மயங்காமற் கொள்வது வியப்பே.

இலக்கண நூலார் கொண்ட பொருள் வரையறையுடையது. வேற்றுமை ஏலாது, காலத்தொடு தோன்றுவது வினைச்சொல் என்பது தொல்காப்பியர் கருத்து. அவர் அதனோடு அமையாது, வேற்றுமை மயங்கியலில் ஒரு தொழில் நிகழ்தற்கு வேண்டும் முதனிலைகளை எட்டாக எண்ணுகின்றார்: வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன் என்பன அவை. இவை சொல்லிலக்கணத்தின்பாற் பட்டனவாயினும் உலகில் நிகழும் எத்தொழிற்கும் பொருந்துவன. பாணினீயத்தார் கூறும் காரகங்கள் ஆறும் இவற்றோடு ஒப்புநோக்கத் தக்கன. அந்நூல் பயிற்றப்பெற்ற இடங்களுள் ஒன்று திருவொற்றியூர். அங்குள்ள திருக்கோயிலில் வியாகரணம் கற்பித்தற்கென மண்டபம் ஒன்றிருந்ததைச் சோழர் காலக் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. இறைவன் பாணினிக்குப் பதினான்கு நாள் தோன்றிப் பதினான்கு சூத்திரங்களை உணர்த்தினான் என்னும் கதையும் அம்மண்டபத்தொடு சார்த்தப்பட்டுள்ளது. கதை நிற்க. தன்னுரிமையொடு தொழிற்படுவதே கருத்தா, அத்தொழிலை முடித்தற்கு மிகவும் துணையாவது கரணம் என்னும் பாணினீயப் பாகுபாடு நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் வேண்டற்பாலது.

அம்மண்டபம் நின்ற ஊர்க்கு மேற்கே, மணலியில், எண்ணெய்த் தூய்மிப்பு நிறுவனம் 1965இலும் உரத்தொழிற்சாலை 1966இலும் தோற்றுவிக்கப்பெற்றன. ஆண்டு வினை என்றால் வேதிவினை. தமிழகப் பாடநூல்கள் வினைபடுபொருள், விளைபொருள், வினைவேகம், மீள்வினை என்று ஒரு குடும்பத்தையே இச்சொல்லின்கீழ் வளர்த்துள்ளன. ஈழத்துத் தமிழர் இதே கருத்தைத் தாக்கம் என்பர்; இரசாயனத் தாக்கம் என்பது அவர் வழக்கு. நியூட்டன் 1687இல் வெளியிட்ட மூன்றாம் விதியினையும் அவர் தாக்கம், மறுதாக்கம் என்னும் சொற்களாலேயே கூறுவர். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஒருசொல்லே வழங்குதலின் அங்கு மயக்கம் மிகும். தமிழகத்தார் முன்னதற்கு விசை, எதிர்விசை என்றும் பின்னதற்கு வினை என்றும் பகுத்துக்கொண்டமை நன்று. இதில் தமிழக வழக்கே சிறந்ததென்பேம்.

ஆயின் அவ்வழக்கிலும் ஒரு சொல் இடர்ப்படுகின்றது. அது வினையூக்கி என்பது. 1835இல் பெர்சீலியசு என்னும் சுவீடிய அறிஞர் இட்ட மூலப்பெயர் கட்டவிழ்த்தல் என்னும் கருத்துடைய கிரேக்கச் சொல்லினின்று வந்தது. தமிழ்ச்சொல்லோ ஊக்குதல் என்னும் கருத்தைத் தந்து அப்பொருளை ஏவுதற்கருத்தாவாக்கிவிடுகின்றது. இது பொருந்துமா? அம்மோனியா ஆக்கத்தை நோக்குக. நைட்டிரசனும் ஐதரசனும் உயர்ந்த அழுத்தத்தில், ஏறத்தாழ 400 முதல் 500 பாகை வெப்பத்தில், இரும்பின் மேற்பரப்பிற் கூடி அம்மோனியா ஆகின்றன. இரும்பு அவற்றிற்கு வலிமை ஊட்டுவதன்று. வினை கடத்தற்குரிய தடையைத் தாழ்த்தி வேறொரு வழியைக் காட்டுகின்றது. மேலும் அது கூடும் வினையை விரைவிப்பது போலவே பிரியும் வினையையும் விரைவிக்கின்றது. ஒன்றனைச் செய்க என்று ஏவியவன் அதன் மறுதலையையும் அதேயளவில் ஏவுவானோ? ஏவான். ஆகவே இரும்பு கருத்தா அன்று.

பின் அது யாது? விடை நன்னூல் உரைகளில் உள்ளது. மூன்றாம் வேற்றுமையின் கருவிப்பொருளை முதற்கருவி, துணைக்கருவி என இரண்டாக்குவர் உரைகாரர். குடத்திற்கு மண் முதற்கருவி. அது தானே குடமாகி நிற்கும். திரிகை துணைக்கருவி, குடம் முடிந்தபின்னும் திரிகை திரிகையே. நைட்டிரசனும் ஐதரசனும் மண் போல்வன; இரும்பு திரிகை போல்வது. இரும்பின் மேற்பரப்பு வினையிடைத் தானும் கலந்துகொள்கின்றதே எனின், திரிகையும் வனையுங்காற் சுழலாது கிடப்பதில்லை என்க. பாடநூல்களில் இடையிடையே காணப்படும் வினைவேகமாற்றி என்னும் பெயர் நீண்டதாயினும் உண்மைக்கு அணுக்கமானது. செய்வதனையும் கருவியையும் அது மயக்குவதில்லை.

இவ்வேறுபாடு புலவர்தம் பொழுதுபோக்கன்று. 2023ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் இரவு எண்ணூரிற் பெரியகுப்பத்தை அடுத்து, உரத்தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயினின்று அம்மோனியா வெளிப்பட்டது. குப்பத்து மக்கள் இருளில் வீடுவிட்டு ஓடினர். பலர் மருத்துவமனையிற் சேர்க்கப்பெற்றனர். இந்நிகழ்ச்சியை அம்மோனியா கசிந்தது, கசிவு ஏற்பட்டது என்றே பலரும் எழுதினர். கசிந்தது என்பது தன்வினை. வளியே அதற்கு எழுவாய். வேதியியலார் நோக்கில் இஃது ஒரு வினையும் அன்று, இடப்பெயர்ச்சியே. தொல்காப்பியர் எண்ணிய எட்டனுள் அவ்வாக்கியத்தில் எஞ்சியவை எத்துணை? நிலம் உண்டு, காலம் உண்டு. குழாயைப் பேணுதற்குரியார் யாவர், எக்கருவி பழுதுற்றது, எச்சரிக்கை எப்பொழுது எழுந்தது என்பன இல்லை. செய்வது தோன்றாத இத்தகைய வாக்கியம், கேட்போர் உள்ளத்தில் வினையை ஊழின்பாற் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். சமய நூற்பொருள் ஈண்டு ஒருவரும் அழையாமலே வந்து புகுகின்றது. தொழிற்சாலை ஏதக் குறிப்புக்களை எழுதுவோர்க்கு வேற்றுமை மயங்கியலின் அவ்வொரு நூற்பாவைப் பாடமாக்கலாம். எட்டு இடங்களையும் நிரப்பாத குறிப்பைத் திருப்பியனுப்பலாம்.