விடை தெரிந்த விடுகதை

‘ஃபால்அவுட்’ தொடரைப் பார்த்து முடித்த கையோடு நண்பர் ஒருவர், அதன் தயாரிப்பாளர்களில் ஒருவரான ஜோனத்தன் நோலன் முன்பு லிசா ஜாயுடன் சேர்ந்து உருவாக்கிய ‘வெஸ்ட்வேர்ல்ட்’ தொடரை மறுபடி எடுத்துவிட்டார். என்னையும் விடவில்லை. “நீங்க அவசரப்பட்டுட்டீங்க சார், அது ரெண்டு தடவை பார்க்க வேண்டிய சரக்கு” என்றார். 2020இல் மூன்றாவது சீசன் நடுவில் நான் கைகழுவிய தொடர் அது. புதிர்த்தொடர் எதைக் குறை சொன்னாலும் இப்போதெல்லாம் இந்தப் பதில்தான் தயாராக வருகிறது: முதல் தடவை புரியாது, இன்னொரு தடவை பாருங்கள். சரி, பார்த்துவிடுவோம் என்று 36 எபிசோடுகளையும் பார்த்தேன். முடிச்சுகளை எல்லாம் இங்கே அவிழ்க்கப் போகிறேன். 2022இலேயே எச்பிஓ இழுத்து மூடிய தொடருக்கு இனி ரகசியக் காப்பு வேண்டாம்.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மனித உருவ இயந்திரங்கள் நிறைந்த கேளிக்கைப் பூங்காவை உருவாக்கிய ஃபோர்டாக ஆண்டனி ஹாப்கின்ஸ் சும்மா உட்கார்ந்து பேசினாலே போதும். தாண்டிவே நியூட்டனுக்கு 2018இல் கிடைத்த எம்மி தகுதியானது. மதுக்கடையின் தானியங்கிப் பியானோவில் ரேடியோஹெட் பாட்டை ஓடவிட்ட இசையமைப்பாளர் ரமின் ஜவாதியின் குறும்பு இன்னும் ரசிக்கும்படி இருக்கிறது. தொடருக்கு மூலமான மைக்கேல் கிரைட்டனின் 1973ஆம் ஆண்டுப் படம் இயந்திரங்களைக் கண்டு பயந்தது. இந்தத் தொடர் அவற்றின் பக்கம் போய் உட்கார்ந்தது. எல்லாம் சரி.

என் புகார் ஒன்றே ஒன்றுதான், அது பழையது. இந்தத் தொடர் கதைக்கும் விடுகதைக்கும் உள்ள வித்தியாசத்தை மறந்துவிட்டது. விடை தெரிந்ததும் விடுகதை தீர்ந்துபோகும். கதை தீராது. அபிமன்யு சாவான் என்று தெரிந்தேதான் ஊர் விடியவிடியக் கூத்து பார்க்கிறது. ஆகவே ‘இரண்டாம் தடவை பாருங்கள்’ என்பது நியாயமான சோதனைதான். ஆனால் அந்தச் சோதனையில் தொடரின் முதல் சீசன் மட்டுமே தேறுகிறது. ஏன் தேறுகிறது என்று பார்த்தால், மற்றவை ஏன் தேறவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

முதல் சீசனின் ஏழாவது எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோர்டின் ரகசிய வீட்டில் பூங்கா நிர்வாகி தெரசா ஒரு கதவைக் காட்டி, அதற்குப் பின்னால் என்ன என்று கேட்கிறாள். எந்தக் கதவு என்று திருப்பிக் கேட்கிறான் ஃபோர்டின் உதவியாளன் பெர்னார்ட். கதவு அவன் கண்ணெதிரே இருக்கிறது, அவனுக்குத் தெரியவில்லை. அவனும் பூங்காவின் ‘ஹோஸ்ட்’ இயந்திரங்களில் ஒன்று, மனிதன் அல்ல என்ற குட்டு அங்கே உடைகிறது. விடை தெரிந்தபிறகு பார்த்தால் இந்தக் காட்சி இன்னும் கனக்கிறது. பெர்னார்டாக நடித்த ஜெஃப்ரி ரைட்டின் முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை என்பதுதான் அப்போது உறைக்கிறது. ரகசியம் நமக்குத் தெரியாததுபோல அவனுக்கும் தெரியாது. டொலோரஸ் என்ற ஹோஸ்ட்டின் காலக்குழப்பமும் அப்படித்தான். ஹோஸ்ட்களின் நினைவு மங்காது. அதனால் முப்பது வருடத்துக்கு முந்தைய விருந்தாளி வில்லியமும், அவனே வயதாகி வந்த இன்றைய கறுப்புடைக்காரனும் அவளுக்குள் ஒரே சமயத்தில் நடமாடுகிறார்கள். அவள் குழம்புவதால் நாம் குழம்புகிறோம். முதல் எபிசோடில் அவள் தந்தை மண்ணிலிருந்து எடுக்கும் புகைப்படம், கடைசியில் வில்லியமுக்கு நிச்சயமான பெண்ணின் படம் என்று தெரியும்போது அடிவயிறு கலங்குகிறது.

இரண்டாவது சீசன் இந்த உத்தியை வைத்துக்கொண்டு, அதன் காரணத்தைக் கழற்றி எறிந்துவிட்டது. பெர்னார்ட் கடற்கரையில் விழிக்கிறான். எது முன்னால், எது பின்னால் என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஏன்? தன் நினைவுகளின் வரிசையைத் தானே கலைத்துவிட்டானாம். திரைக்கதை எழுதுகிறவர்களின் வேலையைப் பாத்திரத்தின் தலையில் கட்டும் சாமர்த்தியம் இது. முதல் எபிசோடிலேயே ஒரு நீர்ப்பரப்பு முழுக்க ஹோஸ்ட்களின் பிணங்கள் மிதக்கின்றன; அவர்களைக் கொன்றது தான்தான் என்கிறான் பெர்னார்ட். எப்படி என்று தெரிந்துகொள்ளப் பத்து எபிசோடு. விடை தெரிந்து மறுபடி பார்த்தால் அந்தப் பிணங்கள் எதையும் சொல்வதில்லை. விடைக்காகக் காத்திருந்த வெற்றிடம் மட்டும் தெரிகிறது. அதைவிட மோசம் பூங்கா நிர்வாகி சார்லட் ஹேல் விவகாரம். கடற்கரைக்குப் பிந்தைய காட்சிகளில் ஹேலின் உடம்புக்குள் இருந்தது டொலோரஸ் என்று கடைசியில் சொல்கிறார்கள். அவளுக்கு அது தெரியும். அவள் நினைப்பதை நமக்குக் காட்டாமல் மறைத்தது யார்? கேமரா. முதல் சீசனில் உலகம் பாத்திரத்தை ஏமாற்றியது, இங்கே தொடர் நேயரை ஏமாற்றுகிறது.

நான்காவது சீசனிலும் அதே வித்தை. இரண்டு கதைகள் ஒரே சமயத்தில் நடப்பதாக நம்பவைத்து, நான்காவது எபிசோடில் நடுவே 23 வருடம் கடந்துவிட்டது என்கிறார்கள். நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் வாசனை முன்பே வந்துவிட்டது. மூன்று சீசன் பார்த்தவனுக்கு ஒவ்வொரு காட்சியிலும் ‘இது எந்த வருடம்?’ என்ற கேள்விதான் ஓடும். அந்தக் காட்சியில் அழுகிறவனை யார் பார்ப்பார்கள்?

முடிச்சுகளை முன்கூட்டியே யூகிக்கிற ரசிகர்களோடு போட்டி என்றுதான் தயாரிப்பாளர்களும் இதை எடுத்துக்கொண்டார்கள். 2018இல் இரண்டாவது சீசனுக்கு முன், கதை முழுவதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம் என்று ரெடிட்டில் ஆசைகாட்டி ஒரு வீடியோ விட்டார்கள். அதில் டொலோரஸாக நடித்த இவான் ரேச்சல் வுட் ரிக் ஆஸ்ட்லியின் பழைய பாட்டைப் பாடினார், பிறகு வெகுநேரம் ஒரு நாய் பியானோ முன் உட்கார்ந்திருந்தது. நல்ல வேடிக்கைதான். ஆனால் கதையைக் கெடுப்பதற்கு ஒரு வாக்கியம் போதும் என்று படைத்தவர்களே நம்பினால், அங்கே கதை எவ்வளவு இருந்திருக்கும்?

இதே இரண்டாவது சீசனில் எட்டாவது எபிசோடு இருக்கிறது. அதன் தலைப்பான ‘கிக்சுயா’ லகோட்டா மொழிச் சொல். பேச்சும் பெரும்பாலும் அந்த மொழியில்தான். அதுவரை முகத்தில் சாயம் பூசிப் பயமுறுத்திய அகெச்செட்டா, ஒரு சிறுமியிடம் தன் கதையைச் சொல்கிறான். கோஹானா என்ற தன் மனைவியைத் தேடி அலைகிறான், எங்கும் இல்லை. கடைசியில் வேண்டுமென்றே செத்து, பழுதுபார்க்கும் தளத்துக்குப் போகிறான். கீழே குளிர்க்கிடங்கில் வரிசை வரிசையாக நிற்கும் உடல்களுக்கு நடுவே அவள் நிற்கிறாள், கண் திறந்தபடி. கிட்டப் போய்ப் பார்க்கிறான். அவள் பார்வை அவனைத் தாண்டிப் போகிறது. அகெச்செட்டாவாக நடித்த ஸான் மெக்லர்னன் அந்த இடத்தில் செய்வதை நான் மூன்று தடவை பார்த்துவிட்டேன். தொடக்கத்திலிருந்து முடிவுவரை நேராகச் சொன்ன கதை. முடிச்சு எதுவும் இல்லை. தொடரின் மிகச் சிறந்த ஒரு மணி நேரம், தொடரின் உத்தியைத் தொடாத ஒரு மணி நேரமாக இருக்கிறது. ‘நீங்கள் கவனமாகப் பார்க்கவில்லை’ என்று நேயரைக் குற்றம் சொல்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

நண்பரிடம் முடிவைச் சொன்னேன்: முதல் சீசன், பிறகு நேராக அகெச்செட்டா, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றாம் தடவை ஆரம்பித்திருக்கிறாராம். எது எந்த வருடத்தில் நடக்கிறது என்று ஒரு நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன், படம் பிடித்து அனுப்பட்டுமா என்று கேட்டார்.