மண்வாசனையும் எல்லையோர மாந்தரும்

ஈழத்துத் தமிழ் விமர்சனம் ஒரு படைப்பை நோக்கி நெடுங்காலம் எழுப்பிவந்த முதல் வினா, அது எந்த மண்ணுக்கு உரியது என்பதாகும். 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தைச் சார்ந்தோர் தேசிய இலக்கியக் கோட்பாட்டை முன்வைத்த காலத்தில், மண்வாசனை என்னும் சொல் ஓர் அளவுகோலாக நிலைபெற்றது. தென்னிந்தியச் சஞ்சிகைகளைப் பார்த்தெழுதும் போக்கு அதனால் தளர்ந்தது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வன்னி, மலையகம் என்பன தத்தம் பேச்சுவழக்கோடு எழுத்தில் இடம்பெற்றன. இப்பணியைக் குறைத்து மதிப்பிடுதல் நீதியாகாது. ஆயினும், அவ்வளவுகோலால் அளக்க இயலாது போனவர் யாவர் என்பதும் இன்று வினாவப்படல் வேண்டும்.

கொட்டாஞ்சேனையை நோக்குக. பொன்னம்பலவாணேசர் ஆலயமும் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயமும் அணித்தாக அமைந்த அத்துறைமுகச் சூழலில், தூத்துக்குடிக் கரையோடு தொடர்புடைய பரதரும், கொழும்புச் செட்டிகளும், தோட்டங்களை விட்டுத் தொழில்தேடி வந்தோரும், வடபுலத்தாரும் கலந்து வாழ்ந்து வந்துள்ளனர். இரு நாடுகளின் எல்லை பாக்கு நீரிணையிற் கீறப்பட்ட கோட்டோடு முடிந்துவிடுவதில்லை. இவர்தம் வீடுகளினூடாகவும் அது செல்கின்றது. மலையகத்தான் தோட்டத்தில் வாழும்வரை அவனுக்கு ஒரு மண் உண்டு. அவன் கொட்டாஞ்சேனைக் கடையொன்றிற் சிப்பந்தியானதும் விமர்சனத்தின் வரைபடத்தில் அவனுக்கு இடமில்லை.

இவ்விடர்ப்பாட்டை இரு படைப்புகள் புலப்படுத்தும். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' நெல்லைச் சீமையிலிருந்து இலங்கையை நோக்குகின்றது. அதற்குத் தேயிலைத் தோட்டம் சென்று வீழும் இடம். தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' (1979) தன் தலைப்பளவிலேயே அதற்கு மறுமொழி கூறுகின்றது. வாழும் இடமே நாடு என்பது அதன் குரல். இவ்விரு நோக்குகளுக்கும் இடையே, இரு கரைகளையும் தன்னுள் வைத்திருக்கும் மனிதன் எஞ்சுகின்றான்.

அவன் புதியவனல்லன். 1807இற் பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை 1859இல் 'தமிழ் புளூட்டாக்' என ஆங்கிலத்தில் எழுதினார். தமிழிலக்கிய வரலாறு அவரைத் தயக்கமின்றித் தன்னுட் கொண்டுள்ளது. அவர் பிறந்த செட்டிச் சமூகத்தையோ 2001ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு தமிழரினின்றும் வேறான இனப்பிரிவாகக் கணக்கிட்டது. பரதருக்கும் அவ்வாறே தனிப்பிரிவு அமைந்தது. இலக்கிய வரலாறு ஒன்றாகக் காண்பதைக் கணக்கேடு இரண்டாகக் காண்கின்றது. இதனைத் துரோகமென்றோ விடுதலையென்றோ விரைந்து தீர்ப்பளித்தல் விமர்சனமாகாது.

ஏனெனில், எந்த மண் என்னும் வினா ஏட்டளவில் நிற்பதன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தைவழிப் பிறப்புக்குச் சான்று கேட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அவர்தம் கருத்தை எவரும் கேட்டிலர். 2007 ஜூன் 7இல் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 300க்கு மேற்பட்ட தமிழர், தலைநகரில் இருத்தற்குத் தக்க காரணமில்லை எனப் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர்நீதிமன்றம் தடையுத்தரவு வழங்க நேர்ந்தது. அரசு கேட்ட வினாவையே, நன்னோக்குடனாயினும், விமர்சனமும் கேட்டுவந்தமை சிந்தித்தற்குரியது.

மண்வாசனையைக் கைவிடுதல் இதற்குப் பரிகாரமன்று. அதனை விரித்துப் பொருள்கொள்ளுதலே தக்கது. வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் வாழும் குடும்பமொன்று ஊரை யாழ்ப்பாணத்திலும், மக்களை ரொறன்ரோவிலும், அன்றாட வாழ்வைக் காலி வீதியிலும் வைத்திருக்கக்கூடும். அக்குடும்பம் வீட்டினுள் எவ்வாறு பேசுகின்றது, சந்தையில் எம்மொழிக்கு மாறுகின்றது, சோதனைச் சாவடியில் எதனை மறைத்தது என்பனவற்றை நுணுகிக் காட்டும் படைப்பும் மண்ணின் படைப்பேயாகும். வேரைத் தேடும் விமர்சனம் விழுதையும் மரமெனக் கொள்ளப் பழகுமாயின், கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் ஈழத்திலக்கியத்தில் விருந்தினராக நிற்கவேண்டியதில்லை.