ஓர் எழுத்தும் ஓர் எண்ணும்

19ஆம் நூற்றாண்டு லாயிட்ஸ் ரிஜிஸ்டர் தொகுதி ஒன்றைப் புரட்டினால் முதலில் கண்தான் வலிக்கும். பொடி எழுத்தில் கப்பலுக்கு ஒரு வரி. பெயர், பாய்மர வகை, கேப்டன், டன், கட்டிய ஊர், ஆண்டு, முதலாளி, சேர்ந்த துறைமுகம், போகும் திசை. உடலுக்குச் செப்புத் தகடு அடித்திருக்கிறதா, எப்போது பழுது பார்த்தார்கள் என்பதெல்லாம் ஒன்றிரண்டு எழுத்துச் சுருக்கங்களாக நெருக்கியடித்துக் கிடக்கும். கடைசிக் கட்டத்தில் தரம். அந்த ஒரு கட்டத்துக்காகத்தான் புத்தகமே. லண்டனில் உட்கார்ந்து காப்பீட்டில் கையெழுத்திடுகிறவர் கப்பலைக் கண்ணால் பார்த்தவரில்லை. வேறொருவர் பார்த்து, தட்டி, துளைத்து எழுதியதை நம்பித்தான் அவர் பணம் கட்டுகிறார்.

எட்வர்ட் லாயிடின் காபிக் கடைப் பெயரில் கூடிவந்த வணிகர்கள் 1760இல் இந்த ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே அதன் இலக்கணம் அமைந்துவிட்டது. கப்பலின் உடலுக்கு எழுத்து. நங்கூரம், சங்கிலி, வடம் முதலிய தளவாடங்களுக்கு எண். இரண்டும் முதல் தரமானால் ஏ1. உடல் திடமாக இருந்து வடம் நைந்திருந்தால் எண் மட்டும் இறங்கும். வடத்தை நாளைக்கே மாற்றிவிடலாம், உடலின் விலாவான வங்கு உளுத்தால் மாற்ற முடியுமா? அந்த வேறுபாட்டை இரண்டே குறிகளில் பிடித்தவர் யாரோ, பெரிய ரசிகர்.

இடையில் ஒரு சண்டை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் காப்பீட்டாளர்கள், கப்பல் எந்த ஊரில் கட்டப்பட்டது என்பதைப் பெரிதாக எடுத்துக்கொண்டு தேம்ஸ் நதிக் கப்பல்களுக்குச் சலுகை காட்டினார்கள். கொதித்துப்போன முதலாளிகள் 1799இல் சொந்தமாக ஒரு புத்தகம் போட்டார்கள். பச்சைப் புத்தகம், சிவப்புப் புத்தகம் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் போட்டி. இரண்டும் நொடித்துப்போகும் நிலைக்கு வந்த பிறகே 1834இல் ஒன்றாயின.

நான் ரசிப்பது அதற்குப் பின் வந்த விதிகளை. ஊர் போய், மரம் வந்தது. ஏரா என்ற அடிமரம், வங்கு, விட்டம், மேற்பலகை என்று உறுப்புவாரியாக அட்டவணை. எந்த உறுப்புக்கு எந்த மரம் போட்டால் எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கணக்கு. உச்சியில் தேக்கும் இங்கிலாந்து ஓக்கும், அடியில் பைன் வகைகள். 12 ஏ1 என்றால் பன்னிரண்டு ஆண்டுக்கு முதல் வகுப்பு. கனடாவின் மென்மரக் கப்பலுக்கு நாலோ ஐந்தோதான். கட்டும்போதே வங்குகளின் இடைவெளியில் உப்பைக் கொட்டி நிரப்பினால் ஓர் ஆண்டு கூடுதல்: மரமும் கருவாடும் ஒரே வைத்தியத்தில் பிழைத்தன! எழுதிய தேதியில் கப்பல் எப்படி இருக்கிறது என்பதோடு தீர்ப்பு நிற்கவில்லை. இனி எவ்வளவு காலத்தில் உளுக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் துணிச்சல் அதில் இருந்தது.

தவணை முடிந்த கப்பலைத் தூக்கி எறிந்துவிடவும் இல்லை. ஏயையும் ஈயையும் ஒட்டிவைத்த ஓர் எழுத்து உண்டு. வயதாகிவிட்டது, ஆனாலும் கிட்டத்துப் பயணத்துக்கு உலர்சரக்கை நம்பி ஏற்றலாம் என்று அதற்குப் பொருள். அதற்கும் கீழே வெறும் ஈ: கடல்நீர் பட்டாலும் கெடாத சரக்குக்கு மட்டும். நிலக்கரிக்கு அது போதும், தேயிலைக்கு ஆகாது. ஏ1ஐப் புகழ யாராலும் முடியும். நடுத்தரத்தை இவ்வளவு நியாயமாகவும் மரியாதையாகவும் வகைப்படுத்திய விமர்சகர்கள் நம் இலக்கியத்தில்கூட அதிகம் இல்லை.

இந்த வரிகளுக்குப் பின்னால் இருப்பது ஆய்வாளரின் அறிக்கை. அச்சடித்த படிவத்தில் கையால் நிரப்பியது: வங்கின் கனம், ஆணி செம்பா இரும்பா, பலகை இடுக்கில் கலப்பற்று எப்படி. எலும்புக்கூடு நிற்கும்போது ஒரு பார்வை, விட்டம் ஏறி, தளம் பாவுமுன் ஒன்று, முடிந்தபின் ஒன்று. மூடிவிட்டால் தெரியாது என்பதை எந்த ஓடாவியும் அறிவான். அதை ஆய்வாளரும் அறிந்திருந்தார். இப்படிக் கூடவே இருந்து மேற்பார்த்த கப்பல்களுக்கு 1853 முதல் தரத்தின் முன்னே ஒரு மால்டா சிலுவை சேர்ந்தது.

மரத்துக்குக் கொடுத்த முதலிடம் பொய்யில்லை என்பதற்குச் சாட்சி வேண்டுமானால் எட்வின் ஃபாக்ஸ். 1853இல் கல்கத்தாவுக்கு எதிர்க்கரை சல்கியாவில் தேக்கில் கட்டியது. கிரிமியப் போருக்குச் சிப்பாய்களையும், 1858இல் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளையும், பின்னர் நியூசிலாந்துக்குக் குடியேறிகளையும் சுமந்தது. பிறகு இறைச்சி உறையவைக்கும் கிடங்காகி, கடைசியில் 1965இல் ஒரு ஷில்லிங்குக்கு விலைபோனது. அதன் உடல் இன்றும் நியூசிலாந்தின் பிக்டனில் நிற்கிறது.

தரம் பார்த்தவர்களுக்குக் கட்டவும் தெரிந்திருந்தது. 1868இல் அபர்தீனில் இறங்கிய தெர்மோபைலி என்ற தேயிலைக் கிளிப்பரை வரைந்தவர் பெர்னார்ட் வேமவுத், லாயிட்ஸ் ரிஜிஸ்டரின் ஆள். இரும்பு வங்கும் மரப்பலகையும் கலந்த கப்பல்களுக்கு விதி வகுத்ததிலும் அவர் கை உண்டு. மறு ஆண்டு அதற்குப் போட்டியாக வந்த கட்டி சார்க்கோ, கட்டும்போதே அதே ஆய்வாளர்களிடம் மாட்டியது. இன்னும் வலுவாக்கு என்றார்கள், வேலை தள்ளிப்போனது. கட்டிய ஸ்காட் அண்ட் லின்டன் நிறுவனம் திவாலாகி, டென்னி நிறுவனத்தார் முடித்துக் கொடுத்தார்கள். அந்தக் கறாருக்கு யாரோ விலை கொடுத்தார்கள் என்பது உண்மை. கப்பல் மட்டும் கிரீனிச்சில் இருக்கிறது.

1870இல் இரும்புக் கப்பல்களுக்கு 100 ஏ1 வந்தது. பார்க்க மிடுக்கான குறிதான். ஆனால் அந்த 100 ஆண்டுக் கணக்கில்லை, வெறும் அளவுகோல். இரும்பு அப்படித் தேதி வைத்து உளுப்பதில்லை என்பதால் விதியும் மாறித்தான் ஆக வேண்டும். புத்தகம் துல்லியமானது, வாசிப்பு சப்பென்று ஆனது. எனக்குக் கொடுத்தால் 1850களின் தொகுதியையே எடுப்பேன்.